அரை வாளிச் சுண்ணாம்பு

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் பவானி. நான் ஓய்வுபெற்ற பிறகு பங்களாப் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர். டிப்ளோமா முடித்த பிள்ளை. படத்தில் ஒரு கிளையின் நுனி, அந்த நுனியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு மொட்டு. கீழே எழுதியிருந்தார்: "அய்யா, பின்பக்கத்து மரத்துலயும் குண்டு மொட்டு வந்திருக்கு. மிஸ்ஸுக்குச் சொல்லவா? இங்க எல்லாரும் ஒங்களக் கேட்டுட்டுச் சொல்லச் சொல்றாங்க. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தேன். வைத்தது சாசரில் இல்லை, மேசை விரிப்பில்.

"யாரு செத்தது?" என்றாள் என் மனைவி பிலோமினா.

"யாரும் சாகல. மரம் பூக்கப் போகுது."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

அதற்குத்தான் அந்த மூஞ்சி. பூ மொட்டைப் பார்த்துப் பயப்படுகிற மனிதன் இந்தக் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏனென்று பவானிக்கு போனிலேயே எழுதலாமென்று பார்த்தேன். என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் போன் மூன்று எழுத்தைப் போடுகிறது. ஆகவே பேனாவால் எழுதுகிறேன். அவர் படிக்கட்டும், சிரித்தவர்களும் படிக்கட்டும்.

நான் பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில். அங்கே எனக்குக் கொடுத்துப் பார்க்காத வேலை இல்லை. கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள். தேயிலையை விட்டுவிட்டு என் பெருவிரலைக் கவ்வாத்து பண்ணினேன். மருந்தடிக்க அனுப்பினார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்காமல் எனக்கே அடித்துக்கொண்டேன். கடைசியில் பங்குச் சாமியார் இரக்கப்பட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அதோடு வத்தேகமவுக்கு மேலே, மூடுபனி இறங்குகிற மலையில் இருந்த இந்தப் பங்களாவுக்கு வந்து சேர்ந்தேன். கடிதத்தில் 'நேர்மையானவன்' என்று மட்டும்தான் இருந்தது. வேலை தெரிந்தவன் என்று சாமியார் பொய் எழுதவில்லை.

பங்களா மிஸ்ஸுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் தாவரவியல் படிப்பித்தவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். தோட்டத்துக்குத் தலைமை ஜமால்தீன், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் நானா, வத்தேகம ஆள். அவருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர். எல்லாரையும் விடக் கீழே நான்.

நானா காலையில் வந்தால் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் ஏதாவது ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு சலாம். சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரத்தோடு பேசுவார். "இந்தா பாரு, ஒன்ட காலடியில எவனோ மம்பட்டி போட்டீக்கான். ஒன்ட வேர் மேலால ஈக்கிதுன்னு அவனுக்குத் தெரியாது. பாவம், மன்னிச்சிக்க." அந்த 'எவனோ' இரண்டடி தள்ளி மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மம்பட்டியாலேயே ஒரு குழி வெட்டி உள்ளே இறங்கிவிடலாமா என்றிருக்கும்.

நான் வந்து சேர்ந்த வருஷம்தான் மிஸ் அந்த விதையைக் கொண்டுவந்தார். இமயமலைப் பக்கத்து சிநேகிதி ஒருவர் கடித உறைக்குள் வைத்து அனுப்பியது. நம் மலைகளில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் இலை முழங்கை நீளம். பெயர் ரொடொடெண்ட்ரன். அதைச் சரியாகச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதுவரை 'பெரிய இலை' என்றேன். பிறகு எல்லாருமே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். விதை மூக்குப்பொடி மாதிரி இருந்தது. "மூச்சு விடாம நில்லு" என்றார் நானா. நான் மூச்சை அடக்கினேன். அடக்கினதால் தும்மினேன். கால்வாசி விதை போன இடம் இன்றுவரை தெரியாது.

மிச்சத்தை ஈரப் பாசி மேல் தூவி, கண்ணாடி போட்டு மூடினோம். முளைத்தவற்றில் கடைசியில் இரண்டே இரண்டு தேறின. ஒன்றை விறாந்தைக்கு முன்னால் வைத்தோம், மற்றதைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிழலில். குழி ஆழம் கூடாது. மேல் மண்ணிலேயே உட்காரவைத்து இலைக்குப்பையால் போர்த்த வேண்டும். கொத்தக் கூடாது. காற்று மாதங்களில் சாக்குத் தட்டி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெரிய இலைகள் கிழிந்து கொடித்துணி மாதிரித் தொங்கும். அதற்குப் புளிச்ச மண்தான் பிடிக்கும். ஆகவே சாம்பல் கூடாது, தேயிலைக்குப் போடும் டொலமைட் கிட்டவும் வரக் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஜெபம் சொல்லுகிற மாதிரிச் சொல்வேன். ஜெபத்தையும் அர்த்தம் யோசிக்காமல்தானே சொல்கிறோம்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து பேசுவார். தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று. மிஸ் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரே பதில்தான் சொல்வார்: "மரம் பூக்கட்டும் பிள்ளை. அதைப் பாத்திட்டு வாறன்." இந்தச் சாதி மரம் பூக்க இருபது வருஷம் எடுக்கும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

எங்களுக்கும் தெரியும். பூத்தால் மிஸ் போவார், வீடு விற்கப்படும், நாங்கள் மூன்று குடும்பம் நடுத்தெருவில். இதை வைத்து ஒரு பகிடி தொடங்கினேன். தினமும் காலையில் மரத்துக்கு முன்னால் கைகூப்பி, "பூக்காத, தாயே, எம்புள்ளைங்க ஏ.எல். பரீட்சை எடுக்கட்டும்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு நாள் நானாவே சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்கவைத்த பெருமையில் நான் அதை வருஷக்கணக்காகச் சொன்னேன். ஒரு பகிடியை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாதவன் நான்.

இருபதாவது வருஷம் முன்பக்க மரத்தில் மொட்டு வந்தது. இலை மொட்டு ஈட்டி மாதிரி ஒல்லியாக இருக்கும், பூ மொட்டு குண்டு. நானா ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணினார். ஒன்பது. எல்லாம் குண்டு. மிஸ் அன்று கைத்தடியையும் மறந்து முற்றத்துக்கு இறங்கி வந்தார். மாசி, பங்குனியில் விரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சொன்னார். மகள் உடனே மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாகவும், வீட்டு அலுவல்களை ஆரம்பிப்பதாகவும், பூ விரிந்ததும் அம்மாவுக்கு டிக்கெட் அனுப்புவதாகவும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து நானாவின் மகளுக்குக் கல்யாணம். அவர் ஒரு கிழமை, ஏழு நாளும், லீவு. தோட்டம் என் பொறுப்பில். "மகள் வாறா, கொஞ்சம் துப்புரவாக்கி வை சூசை" என்று மிஸ் சொன்னார்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குத் துப்புரவு என்றால் என்ன தெரியுமா? சுண்ணாம்பு. பெரியதுரை வந்தாலும், கொழும்பிலிருந்து யார் வந்தாலும், மேலே இருந்து ஆள் வருகிறதென்றால் பாதையோரக் கல்லெல்லாம் வெள்ளையாக வேண்டும், மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளைக் காற்சட்டை போட வேண்டும். என் அப்பா அடித்தார், நானும் அடித்தேன். இரண்டு நாள் பேய் மாதிரி வேலை செய்தேன். பாதைக் கற்கள், பூச்சட்டிகள், கடைசியாகப் பெரிய இலையைச் சுற்றி இருந்த வட்டக் கற்கள். வேலை முடிந்தபோது வாளியில் அரைவாசிக் குழம்பு மிச்சம். புல்லில் ஊற்றினால் புல் கருகிவிடுமே என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன்! யோசித்துவிட்டு மரத்தடியில், இலைக்குப்பைக்கு மேல், பதமாக ஊற்றினேன்.

டொலமைட் கூடாது என்று தெரிந்தவன் சுண்ணாம்பை ஊற்றுவானா என்று பவானி கேட்பார். ஊற்றுவான். இரண்டும் மண்ணின் புளிப்பைக் கொல்பவைதான், ஆனால் டொலமைட் உர வேலை, வெள்ளையடிப்பது பெயின்ட் வேலை. என் தலைக்குள் இரண்டும் வேறு வேறு அறையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை.

நானா கல்யாணம் முடிந்து வந்தார். வட்டக் கற்களைப் பார்த்தார். அன்று அவர் இலையைத் திருப்பவில்லை, நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கல்லெல்லாம் இப்பவே தூக்கு. சுண்ணாம்பு வேருக்கு நஞ்சு." பிறகு மெதுவாக, "வாளி கழுவின தண்ணிய எங்க ஊத்தின?"

அப்போதுதான் என் தலைக்குள் அந்தக் கதவு திறந்தது. திறந்து என்ன?

"கானுக்குள்ள, நானா" என்றேன், வடிகால் பக்கம் கையைக் காட்டி.

நேர்மையானவன் என்று சாமியார் எழுதியது அன்றோடு காலாவதி.

நத்தார் வந்தது. மகள் வந்தார், படம் எடுத்தார், போனார். மரம் பச்சையாகத்தான் நின்றது. தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, தை பிறந்து ஒரு காலை, நான் ஊற்றிய பக்கத்தில் மூன்று இலைகள் வெளுத்திருந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். மறு கிழமை ஏழு. அதற்கடுத்த கிழமை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு மொட்டு பழுப்பாகி, தொட்டதும் விழுந்தது. மிச்சம் எட்டு.

நானா வேரழுகலோ என்று பார்த்தார், தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்தார், புழு தேடினார். ஒவ்வொரு நாளும் மரத்தைக் கேட்டார்: "எங்க வலிக்கி ஒனக்கு? செல்லு." நான் பக்கத்தில் நின்றேன். மரம் சொல்லிவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

மிஸ் காலையும் மாலையும் கைத்தடியோடு வந்து பார்ப்பார். "இருபது வருஷம் பாத்திருந்தன். இன்னும் ரெண்டு மாசம் தானே, பொறுத்துக்கொள்ளன்" என்று அவரும் மரத்திடம்தான் சொன்னார். அந்த வீட்டில் எல்லாரும் மரத்தோடு பேசினார்கள். அதனிடம் வாயைத் திறக்க முடியாதவன் நான் ஒருவன்தான். என் காலைப் பகிடியையும் நிறுத்தியிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

சுண்ணாம்புக்கு எதிர் புளிப்பு என்று எனக்கு நானே கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குப் போடும் கொறக்காப்புளி ஒரு சட்டி இருந்தது. அதைக் கரைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து வேரில் ஊற்றினேன். முதல் நாள் ஒரு போத்தல், அடுத்த நாள் இரண்டு. பிலோமினா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மீனுக்குப் புளி எங்க? பேயா தின்னுச்சு?" என்றாள். "ஆமா" என்றேன். அதில் பொய் அதிகம் இல்லை.

நான்காவது நாள் நானா மரத்தடியில் குந்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"சூசை, இங்க வா."

போனேன்.

"மரத்துக்கு மீனாணம் ஆக்குறியா நீ?"

மரத்துக்கு மீன் குழம்பு! சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அந்த அரை வாளியைச் சொன்னேன். புல் கருகும் என்று யோசித்ததையும் சொன்னேன். கான் பொய்யையும் சொன்னேன். நானா எழும்பிக் கை மண்ணைத் தட்டிக்கொண்டார். அவர் கேட்டதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது.

"வேணும்னே ஊத்தினியா?"

"நானா!"

"தெனம் காலையில கும்பிட்ட நீ, பூக்காதன்னு. மொட்டு வந்த பொறகு ஏன் நிப்பாட்டின?"

இத்தனை வருஷம் எல்லாரையும் சிரிக்கவைத்த பகிடி எழுந்து நின்று எனக்கெதிராகச் சாட்சி சொல்லுகிறது. சாட்சிக்காரர்களும் நானே சேர்த்துவைத்தவர்கள்தான். தோட்டத்தில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், மிஸ் விறாந்தையிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பார்! "இல்ல நானா, எம்புள்ளைங்க மேல சத்தியமா இல்ல" என்றேன். நானா மறுபடி மரத்தடியில் குந்தினார். "மொதல்ல மரத்தப் பாப்பம்" என்றார்.

அந்த வேலையைப் பவானிக்காக விரிவாக எழுதுகிறேன், வேறு யாராவது யோசித்து ஊற்றினால் உதவும். மம்பட்டி, மண் கிளறும் முள்ளு எதுவும் கிடையாது. விரலாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் வெள்ளை பட்ட மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுக்க வேண்டும். உள்ளே வேர் தலைமயிர் மாதிரி இருக்கும். ஒன்று அறுந்தாலும் நானா 'ச்சு' கொட்டுவார். எடுத்த மண்ணைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். வெறும் வேரை ஈரச் சாக்கால் மூடி, பைன் காட்டிலிருந்து பாதி மக்கிய ஊசியிலைகளைச் சாக்குச் சாக்காகச் சுமந்துவந்து நிரப்பினோம். ஒரு பிடி கந்தகத் தூள். இலைக்கு இரும்புச் சத்துக் கரைசல், வெயில் ஏறுமுன் மட்டும். பிறகு மழைத்தண்ணீர், மழைத்தண்ணீர் மட்டும். மாசியில் மழைக்கு எங்கே போவது? பங்களாப் பீப்பாய் வற்றியதும் எங்கள் கோயில் கூரைத் தாங்கியில் கேட்டுச் சுமந்தேன். அங்கிருந்த சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். "சுண்ணாம்பு ஊற்றினது எந்தக் கட்டளைக்குள்ள வரும் மகனே?" என்று அவரே குழம்பிப்போனார். கடைசியில், "மரத்துக்காரியிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

நானாவும் மிஸ்ஸிடம் சொல்லத்தான் சொன்னார். "நான் செல்லமாட்டேன். நீ செல்லணும்."

இரண்டு நாள் தள்ளினேன். அதற்குள் மேலும் இரண்டு மொட்டு போயிருந்தன, மூன்றாம் நாள் இன்னொன்றும் விழுந்தது. மிச்சம் ஐந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டே விறாந்தைப் படியேறினேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான் வேணும்னு செய்யல மிஸ்" என்றேன். "அந்தப் பகிடி... அது சும்மா..."

"எனக்குத் தெரியும்" என்றார் மிஸ். "வேணுமெண்டு செய்யிறதெண்டா இந்த மரத்தைப் பற்றி உனக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்க வேணும்."

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதுதான் சிறந்தது. கீழே இறங்கி வந்து தாங்கிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். இரண்டாவது மரத்துக்கு மட்டும்தான் அது தெரியும்.

மீதி நாட்கள் எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். விடிந்ததும் ஓடிப்போய் எண்ணுவேன். ஐந்து. நான்கு. நான்கு. இரண்டு. இரண்டு இருந்த கிழமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிலோமினா மீன் சமைத்தாள், புளிக்குத் தேசிக்காய்ச் சாறு விட்டு. அதையும் சொல்லிக் காட்டினாள்.

கடைசியில் ஒன்று நின்றது. மிஸ்ஸின் கதிரையைப் பார்த்த கிளையில். பங்குனி நடுவில் ஒரு காலை அதன் செதில்கள் விலகின. மூன்று நாளில் முழுக்க விரிந்தது. வெண்ணெய் நிறத்தில் இருபதுக்கு மேல் மணிகள், ஒவ்வொரு மணியின் தொண்டையிலும் கருஞ்சிவப்பு. நானா அதன் இலையைத் திருப்பிப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார், பிறகு மரத்திடம் அல்ல, என்னிடம், "நல்லா ஈக்கி" என்றார்.

மிஸ் அதற்கு முன்னால் கதிரை போட்டு ஒரு முழுக் காலையும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினார். நாங்கள் மூவரும் எதையோ பிடுங்குகிற மாதிரிக் குனிந்துகொண்டு காதை நீட்டினோம்.

"ஓம் பிள்ளை, பூத்தது... வடிவுதான். ஆனா ஒண்டே ஒண்டு. ஒரு பூவை மரம் பூத்ததெண்டு சொல்லேலாது. நோய் வருத்தத்தாலை எழும்பின மரம், விட்டிட்டு வரேலாது. வாற வருஷம் பாப்பம்."

அந்த 'வாற வருஷம்' மரம் நிறையப் பூத்தது. நாங்கள் மூச்சை அடக்கினோம். மிஸ் போனில், "பின்னுக்கு நிக்கிறது இன்னும் பூக்கேல்லைப் பிள்ளை. ரெண்டையும் ஒண்டாத்தான் விதைச்சனான்" என்றார். அந்த வருஷம்தான் முன் மரத்தடியில், சுண்ணாம்பு கொண்டுவரக் கூடாதென்று மூன்று மொழியிலும் பலகை வைக்கச் சொன்னார். பவானி, அதன் காரணம் இதுதான்.

நானா மவுத்தாகி மண்ணுக்குள் போய் நான்கு வருஷம். என் பிள்ளைகள் ஏ.எல். முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். நான் ஓய்வுபெற்றும் இரண்டு வருஷம். எனக்கு இனி அந்தத் தோட்டத்தில் இழக்க ஒன்றுமில்லை. பிறகேன் பிளேன்டீயை மேசை விரிப்பில் வைத்தேன்? மிஸ்ஸுக்கு எண்பத்துநான்கு வயது. சாக்குச் சொல்ல மூன்றாவது மரம் இல்லை. இருந்திருக்கும், கால்வாசி விதையைத் தும்மி விட்டவன் யார்?

ஆனாலும் ஒரு தரம் மறைத்தவன் நான். பவானிக்கு, 'நானே சொல்கிறேன்' என்று எப்படியோ அடித்து அனுப்பிவிட்டு மிஸ்ஸின் இலக்கத்தை அழுத்தினேன்.

"மிஸ், நான் சூசை. ஒரு விஷயம் சொல்லணும். பின்னால மரத்துல..."

"உஷ்" என்றார் மிஸ். "எனக்கு மூண்டு கிழமையாத் தெரியும். மகள் இஞ்சை வந்து நிக்கிறாள், பலமாக் கதையாதை." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னும் மெதுவாக:

"சூசை, அண்டைக்கு மிச்சம் வந்த சுண்ணாம்பு ஏதும் வச்சிருக்கிறியோ?"